ரூஜின் வம்சக் கொடியை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூத சமயத்துக்குள் எழுந்த பக்தி இயக்கமான ஹசிதியத்தைச் சேர்ந்த யூதர்களின் குரு வம்சங்களைப் பற்றி எழுதுவோர் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. யார் யாருக்குப் பிறந்தார் என்பதும், யாருடைய இருக்கையில் யார் அமர்ந்தார் என்பதும், யாரிடம் யார் கற்றார் என்பதும் தனித்தனிக் கேள்விகள். இவற்றுக்கான விடைகள் சில இடங்களில் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், எல்லா இடங்களிலும் அப்படித்தான் என்று எண்ணி மூன்றையும் ஒரே கோட்டில் வரைந்துவிடுகிறார்கள். இந்தக் குழப்பம் மிகத் தெளிவாகத் தென்படுவது ரூஜின் ஊரின் இஸ்ரயேல் என்ற குருவிடமிருந்து கிளைத்த ரூஜின் வம்சத்தில் என்பதால் அதையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதல் தவறு வேரிலேயே நேர்கிறது. ஹசிதிய இயக்கத்தைத் தொடங்கியவர் 1760-இல் மறைந்த பால் ஷேம் தோவ். அவருக்குப் பின் இயக்கத்தை வழிநடத்தியவர் மெசெரிச் ஊரைச் சேர்ந்த தோவ் பேர். போதகர் என்று பொருள்படும் ‘மகித்’ என்ற பட்டத்தாலேயே இவர் அறியப்படுகிறார். மகித்தின் மகன் ஆபிரகாம், ‘வானதூதர்’ என்று அழைக்கப்பட்ட துறவுள்ளம் கொண்டவர். ஆபிரகாமின் மகன் ப்ரோஹோபிஷ்ட் ஊரின் சாலோம் ஷக்னா. அவருடைய மகன் 1796-இல் பிறந்த ரூஜின் இஸ்ரயேல். ஆகவே ரூஜின் இஸ்ரயேல் மகித்தின் கொள்ளுப்பேரன். பால் ஷேம் தோவின் வழித்தோன்றல் அல்லர். பால் ஷேம் தோவுக்கும் மகித்துக்கும் இடையே இருந்தது குரு–சீட உறவு மட்டுமே. இருவரையும் மேலும் கீழுமாக எழுதி நடுவே ஒரு கோடு இழுத்தால், படிப்பவர் அதைத் தந்தை–மகன் கோடு என்றே எடுத்துக்கொள்வார். பால் ஷேம் தோவின் இரத்த வழி அவருடைய மகள் வாயிலாக வேறு திசையில் சென்றது. பிரெஸ்லாவ் நாக்மன் அந்த வழியில் வந்த கொள்ளுப்பேரன். நாக்மன் 1810-இல் இறந்த பிறகு அவருடைய அடியார்கள் வேறொரு ரெப்பேயை, அதாவது தலைவரை, ஏற்கவே இல்லை என்பதால், பிரெஸ்லாவை ‘வம்சம்’ என்று எழுதுவதும் பொருந்தாது.

இந்தக் குடும்பம் தாவீது அரசரின் வழிவந்தது என்ற மரபும் உண்டு. ரூஜின் இஸ்ரயேல் அரச மிடுக்கோடு அவை (அடியார்கள் ரெப்பேயைச் சுற்றிக் கூடும் இடம்) நடத்தியதற்கு அந்த நம்பிக்கையே அடிப்படை என்பதால் அதை விட்டுவிட முடியாது. ஆனால் மகித்திலிருந்து கீழே வரும் தலைமுறைகளுக்கு உள்ள உறுதி அதற்கு இல்லை. அதைக் குடும்பத்தின் நம்பிக்கை என்று எழுதுவதே நேர்மை.

‘ரபி’ என்ற சொல்லைத் தமிழ் வாசகர் விவிலியத்தில் பார்த்திருப்பார். யூதச் சமயச் சட்டத்தில் தேர்ச்சி பெற்றுத் தீர்ப்புரைக்கும் தகுதி உடையவர் ரபி. ‘ரெப்பே’ என்பவர் ஹசிதிய அடியார் கூட்டம் ஒன்றின் தலைவர். ஒருவர் இரண்டுமாக இருக்கலாம் என்றாலும், ‘சாதிகுராவின் ரபி’ என்று எழுதினால் அவர் அந்த ஊருக்கு நியமிக்கப்பட்ட சமயச் சட்ட அறிஞர் என்ற பொருளே வரும். வம்ச வரலாற்றில் நாம் பேசுவது பெரும்பாலும் ரெப்பேக்களைப் பற்றித்தான்.

ஆறு மகன்கள், ஆறு கிளைகள் அல்ல

ரூஜின் இஸ்ரயேலுக்கு ஆறு மகன்கள். இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு ‘ஆறு மகன்களும் ஆறு அவைகளை நிறுவினர்’ என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. கேட்க அழகாக இருக்கிறது. உண்மை அவ்வளவு ஒழுங்காக இல்லை.

மூத்தவர் சாலோம் யோசேப்பு, தந்தை மறைந்த மறு ஆண்டே, 1851-இல் இறந்துவிட்டார். அவர் பெயரில் நிலைத்த அவை எதுவும் உருவாகவில்லை. அவருடைய மகன் ஈசாக்கு பின்னாளில் ருமேனியாவின் போஹுஷ் ஊரில் ரெப்பே ஆனார். எனவே போஹுஷ் கிளை பேரனிடமிருந்து தொடங்குகிறது. அதை மகனின் பெயரில் எழுதுவது பிழை. ஆபிரகாம் யாக்கோபு, தந்தை தம் கடைசிக் காலத்தில் குடியேறிய சாதிகுராவிலேயே அமர்ந்தார். மெனாகேம் நாகூம் ஷ்டெஃபனெஷ்டிலும், தாவீது மோசே சோர்ட்கோவிலும், கடைசி மகன் மொர்தெகாய் ஷ்ரகா ஹுசியாத்தினிலும் அவை நடத்தினர். மீதமிருப்பவர் லெயோவாவின் தோவ் பேர். கொள்ளுத் தாத்தாவின் தந்தையான மகித்தின் பெயரைத் தாங்கிய இவர், 1869-இல் ரெப்பே பொறுப்பைத் துறந்து செர்னோவிட்ஸ் நகரின் அறிவொளி இயக்கத்தாரோடு சேர்ந்தார். பிறகு சாதிகுராவுக்குத் திரும்பி அண்ணனின் நிழலில் வாழ்ந்து 1876-இல் மறைந்தார். இந்நிகழ்ச்சியைக் காரணமாகக் கொண்டு சான்ஸ் ஊரின் ரெப்பே ஹாயிம் ஹால்பெர்ஸ்டாம், சாதிகுரா குடும்பத்தின் ஆடம்பர வாழ்க்கை முழுவதையும் கடுமையாகத் தாக்க, இரு தரப்பு அடியார்களுக்கும் இடையே பெரும் பகை மூண்டது. பக்தியோடு எழுதப்பட்ட சில வரலாறுகள் தோவ் பேரைப் பற்றி ஒரு வரியோடு நகர்ந்துவிடுகின்றன. சான்ஸ் தரப்பினரின் எழுத்திலோ அவரைத் தவிர வேறு எதுவும் இல்லாததுபோல் இருக்கும். எந்தத் தரப்பின் நூலிலிருந்து எடுத்தாலும், மகன்களின் எண்ணிக்கையையும் அவைகளின் எண்ணிக்கையையும் தனித்தனியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கிளை பிரிவது என்றாலே பூசல் என்று முடிவு கட்டுவதும் கூடாது. சாதிகுரா ஆபிரகாம் யாக்கோபு 1883-இல் இறந்தபோது அவருடைய இரு மகன்கள், ஈசாக்கும் இஸ்ரயேலும், ஒரே ஊரில் இருந்து சேர்ந்தே அவையை நடத்தினர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1887-இல், சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். இளையவர் இஸ்ரயேலுக்குச் சாதிகுரா விழுந்தது; மூத்தவர் ஈசாக்கு அருகிலிருந்த போயானுக்குக் குடிபெயர்ந்தார். மூத்தவரே தந்தையின் இருக்கையில் அமர்ந்திருப்பார் என்ற எண்ணத்தோடு அட்டவணை எழுதுபவர் இந்த இடத்தில் தவறாமல் சறுக்குவார். இன்னொன்று: கலிலேயாவின் மெரோன் மலையில் லாக் பஓமேர் என்ற யூத விழாவின் இரவில் முதல் தீயை மூட்டும் உரிமையை விலைக்கு வாங்கியவர் சாதிகுரா ஆபிரகாம் யாக்கோபு. இன்று அந்தத் தீயை மூட்டுபவர் போயான் ரெப்பே. ஊர் ஒரு மகனிடமும் இந்த உரிமை இன்னொரு மகனின் வழியிலும் சென்றன என்பதை அறியாதவர்கள், இரண்டில் ஒன்று தவறான தகவல் என்று எண்ணித் திருத்தப் போய்ச் சரியானதைக் கெடுத்துவிடுகிறார்கள்.

ஒரே பெயர், பல மனிதர்

தமிழில் ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’, அதாவது பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பதிலிருந்து வந்தது. நம்மிடையே பாட்டன் உயிரோடு இருக்கும்போதே பேரனுக்கு அந்தப் பெயரை இடுவதுண்டு. அஷ்கெனாசி யூதர்களிடம், அதாவது நடு, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்களிடம், அந்த வழக்கம் இல்லை. உயிரோடிருப்பவரின் பெயரைக் குழந்தைக்கு வைக்கமாட்டார்கள். மறைந்தவரின் பெயரையே வைப்பார்கள். இந்த ஒரு விதியை மறந்தால் ரூஜின் வம்சம் தலைசுற்ற வைக்கும். நினைவில் வைத்தால் அதுவே வழிகாட்டும்.

ரூஜின் இஸ்ரயேல் 1850-இல் மறைந்ததும், அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய மகன்கள் வீட்டில் பிறந்த ஆண் குழந்தைகளுக்கு வரிசையாக இஸ்ரயேல் என்று பெயர் வைத்தார்கள். சாதிகுராவில் ஓர் இஸ்ரயேல், சோர்ட்கோவில் ஓர் இஸ்ரயேல், ஹுசியாத்தினில் ஓர் இஸ்ரயேல். மூவரும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்; மூவரும் ஏறத்தாழ ஒரே வயதினர்; மூவரும் ரெப்பேக்கள்; மூவருக்கும் குடும்பப் பெயர் ஃபிரீட்மன். ஊர்ப் பெயர் இல்லாமல் ‘ரெப்பே இஸ்ரயேல் ஃபிரீட்மன்’ என்று மட்டும் எழுதுவது எதையும் சொல்லாமல் இருப்பதற்குச் சமம். அந்த வழியில் வந்த பேரன் ஒருவருக்கு இஸ்ரயேல் என்று பெயரிருந்து, பிறந்த ஆண்டு 1845 என்று எங்காவது கண்டால், தாத்தா உயிரோடிருந்த காலம் அது என்பதால் அந்த ஆண்டை உடனே சந்தேகிக்க வேண்டும்.

இதைவிடச் சிக்கலானது ஆபிரகாம் யாக்கோபு என்ற பெயர். சாதிகுராவில் மூன்று தலைமுறைகளில் அந்தப் பெயரில் மூவர் உள்ளனர்: 1820–1883, 1884–1961, 1928–2013. நான்காமவர் ஒருவரும் உண்டு. அவர் போயான் ஈசாக்கின் மகன். லெம்பெர்க் நகரில் ரெப்பேயாக இருந்து, நாஜிகள் அந்நகரைப் பிடித்த 1941-ஆம் ஆண்டில் மறைந்தார். அவரும் பிறந்தது 1884-இல்தான். தாத்தா 1883-இல் மறைந்தார்; அடுத்த ஆண்டே அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் ஆளுக்கோர் ஆண் குழந்தை; இரண்டுக்கும் தாத்தாவின் பெயர். ஒருவருடைய இறந்த ஆண்டை மற்றவருக்கு எழுதிவிடுவது இப்படித்தான் நேர்கிறது.

எழுத்துக்கூட்டலும் ஆட்களைப் பெருக்கிவிடும். அஷ்கெனாசி யூதர்களின் மொழியான இத்திஷ் பேசுவோர் யித்சோக் என்றும், இன்றைய இஸ்ரேலியர் யிட்ஸாக் என்றும், தமிழ் விவிலியம் ஈசாக்கு என்றும் குறிப்பது ஒரே பெயரைத்தான். நான் இக்கட்டுரையில் கூடியவரை விவிலியத் தமிழ் வடிவத்தைப் பயன்படுத்தியிருக்கிறேன். எந்த வடிவத்தை எடுத்தாலும் ஒரே கட்டுரைக்குள் மாற்றாமலிருப்பதே முக்கியம்.

ஃபிரீட்மன் என்ற குடும்பப் பெயரைக் கண்டதும் ரூஜின் வம்சத்தவர் என்று எழுதுவது வேறொரு வகைப் பிழை. அது ஐரோப்பிய யூதர்களிடையே மிகப் பரவலான பெயர்.

ஊர்ப் பெயர் பட்டப் பெயர்தான்

ரெப்பேயின் பெயருக்கு முன் நிற்கும் ஊர், அவர் பிறந்த ஊராகவோ வாழ்ந்த ஊராகவோ இருக்க வேண்டியதில்லை. ரூஜின் இஸ்ரயேலையே பாருங்கள். ரூஜின் ரஷ்யப் பேரரசில், கீவ் பகுதியில் இருந்தது. உளவு சொன்ன இருவர் கொல்லப்பட்ட வழக்கில் 1838-இல் கைதாகி, ஏறத்தாழ 22 மாதங்கள் சிறையிலிருந்து, விடுதலையானபின் ரஷ்ய ஆட்சிக்கு எட்டாத இடம் தேடி அவர் ஆஸ்திரிய ஆட்சியிலிருந்த சாதிகுராவை அடைந்தார். அவர் அடக்கமானதும் சாதிகுராவில்தான். ஆனாலும் இன்றுவரை அவர் ‘ரூஜின்’ ரெப்பேதான்.

போயான் ஈசாக்கின் நான்கு மகன்களை எல்லா இடங்களிலும் ‘போயானில் பிறந்தவர்கள்’ என்று எழுதக் காண்கிறோம். மெனாகேம் நாகூம் 1869-லும், இஸ்ரயேல் 1878-லும், ஆபிரகாம் யாக்கோபு 1884-லும் பிறந்தவர்கள். தந்தை போயானுக்குச் சென்றதே 1887-இல். கடைசி மகன், அதன்பின் பிறந்த மொர்தெகாய் ஷ்லோமோ ஒருவருக்குத்தான் அந்த வாசகம் பொருந்தும். நால்வருமே பிற்காலத்தில் போயானில் அவை நடத்தவில்லை. முதல் உலகப் போர் குடும்பத்தை வியன்னாவுக்கு விரட்டியது. தந்தை அங்கேயே 1917-இல் இறந்தார். மகன்கள் செர்னோவிட்ஸ், லைப்சிக், லெம்பெர்க், நியூயார்க் என்று பிரிந்தனர். நால்வரும் போயான் ரெப்பேக்களே.

நாட்டின் பெயரை எழுதும்போதும் ஆண்டைப் பார்க்க வேண்டும். சாதிகுரா 1918 வரை ஆஸ்திரியாவிலும், பிறகு ருமேனியாவிலும், அதன்பின் சோவியத் ஒன்றியத்திலும் இருந்தது. இன்று உக்ரைனின் செர்னிவ்ட்ஸி நகரில் ஒரு பகுதி. செர்னிவ்ட்ஸியும் மேலே சொன்ன செர்னோவிட்ஸும் ஒரே நகரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகள்களும் மருமகன்களும்

வம்சக் கொடிகளில் மிகுதியாக விடுபடுவது பெண்கள். ரூஜின் இஸ்ரயேலின் தாய் ஹாவா, செர்னோபில் வம்சத்தின் முதல்வரான மெனாகேம் நாகூமின் பேத்தி. ரூஜின் குடும்பத்தில் நாகூம் என்ற பெயர் வந்த வழி அதுதான். இஸ்ரயேலின் மகள் மிரியாம், விஷ்னிட்ஸ் வம்சத்தை நிறுவிய மெனாகேம் மெண்டல் ஹாகரை மணந்தார். அதனால் விஷ்னிட்ஸை ரூஜினின் கிளை என்று சிலர் எழுதுகிறார்கள். ஹாகர் குடும்பத்தின் ஆண்வழி கோசோவ் வம்சத்திலிருந்து வருவது. ரூஜினோடு அதற்கிருப்பது சம்பந்தி உறவு.

தமிழ் உறவுமுறையைக் கொண்டு இவர்களைப் படிப்பதிலும் ஆபத்துண்டு. நமக்குச் சித்தப்பா மகள் தங்கை முறை. அங்கே பங்காளி வழியில் மணம் செய்யத் தடை இல்லை. ஹுசியாத்தின் இஸ்ரயேல் 1937-இல் டெல் அவிவுக்குச் சென்று 1949-இல் மறைந்தபின் இருக்கைக்கு வந்தவர் யாக்கோபு ஃபிரீட்மன். குடும்பப் பெயர் ஒன்றே என்பதால் இவரை மகன் என்று எழுதிவிடுகிறார்கள். இவர் மருமகன், போஹுஷ் ஈசாக்கின் மகன். அதாவது மாமனாரும் மருமகனும் ரூஜின் இஸ்ரயேலின் ஆண்வழியிலேயே வந்தவர்கள். யாக்கோபு தம் மகனுக்கு ஈசாக்கு என்று பெயரிட்டது தந்தையான போஹுஷ் ஈசாக்கின் நினைவாக. பெயரே உறவைக் காட்டிக்கொடுக்கிறது.

தேதிகள்

யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் பிறக்கிறது. எபிரெய ஆண்டிலிருந்து 3760-ஐக் கழித்தால் பொது ஆண்டு கிடைக்கும் என்ற குறுக்குவழி, புத்தாண்டிலிருந்து டிசம்பர் இறுதி வரையிலான தேதிகளுக்கு ஓராண்டு தவறும். ரூஜின் இஸ்ரயேல் மறைந்தது 5611-ஆம் எபிரெய ஆண்டின் ஹெஷ்வான் மாதம் 3-ஆம் நாள். கழித்துப் பார்த்தால் 1851 வரும். சரியான ஆண்டு 1850. மகித் மறைந்த 5533 கிஸ்லேவ் மாதம் 19-உம் அப்படியே: 1773 அல்ல, 1772.

முடிந்துவிட்டது என்று எழுதுமுன்

‘கிளை அற்றுப்போயிற்று’ என்ற தொடரில் இருக்கை அற்றதா, குடும்பம் அற்றதா என்பது தெளிவாக வேண்டும். ஹுசியாத்தின் அவை 1968-இல் யாக்கோபின் மகன் ஈசாக்கின் மறைவோடு நின்றது என்பது இருக்கையைப் பற்றிய செய்தி மட்டுமே. ஷ்டெஃபனெஷ்டின் நிலை வேறு: 1933-இல் மறைந்த ஆபிரகாம் மத்தத்தியாவுக்குக் குழந்தைகளே இல்லை.

போயானோ இரண்டு கணக்கிலும் அடங்காதது. நியூயார்க்கில் மொர்தெகாய் ஷ்லோமோ 1971-இல் மறைந்தபோது அவருக்கு மகன்கள் இருந்தும் அவர்கள் ரெப்பேயாக அமரவில்லை. மகள் மல்காவின் இளைய மகன் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவன். அடியார்கள் ரெப்பே இல்லாமலே பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்கள். 1984-இல் அந்தப் பேரன், தந்தை வழியில் ப்ரேயர் என்ற குடும்பப் பெயர் கொண்ட நாகூம் தோவ், எருசலேமில் போயான் ரெப்பே ஆனார். 1975-இல் ஒருவர் உட்கார்ந்து அட்டவணை போட்டிருந்தால், போயானுக்கு எதிரே ‘1971-உடன் முடிவுற்றது’ என்று எழுதி அடுத்த வரிக்குப் போயிருப்பார்.