சேர்ந்து தங்கியிருப்பவர்கள் வார இறுதிப் பயணத்துக்குத் தயாராவது எப்படி

வேலைக்குச் செல்லும் இளைஞர்கள் நான்கைந்து பேர் ஒரே வீட்டில் சேர்ந்து தங்கியிருக்கும்போது, அவர்களுடைய வார இறுதிப் பயணம் கெடுவதற்கான வித்து பெரும்பாலும் புறப்படுவதற்கு முந்தைய இரவே வீட்டுக்குள் விழுந்துவிடுகிறது. சாவி யாரிடம் இருக்கிறது, வண்டிக்கு எரிபொருள் நிரப்பியாயிற்றா, குளிர்பதனப் பெட்டியில் மிஞ்சியிருப்பதை யார் எடுத்துக் கொட்டுவது என்ற கேள்விகளுக்கெல்லாம் "யாராவது பார்த்திருப்பார்கள்" என்ற விடையே எல்லோர் மனத்திலும் இருக்கும். இதைச் சோம்பல் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உளவியலாளர்களான ஜான் டார்லியும் பிப் லாட்டானேயும் 1968-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வேறோர் அறையில் ஒருவர் வலிப்பு வந்து தவிப்பதைப் போன்ற குரலை மாணவர்கள் காதொலிப்பான்வழிக் கேட்கும்படி செய்தனர். தான் ஒருவர் மட்டுமே அதைக் கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அக்குரல் அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தனர். தம்மைத் தவிர வேறு நான்கு பேரும் கேட்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தனர். உயிருக்குத் தவிக்கும் குரலுக்கே இந்த நிலை என்றால், மூடாத தண்ணீர்க் குழாய்க்காக எழுந்து போவார் யார்?

ஆகவே, பயணம் முடிவானதும் முதலில் செய்ய வேண்டியது, ஒவ்வொரு பொறுப்புக்கும் எதிரே ஒரே ஒரு பெயரை எழுதுவதாகும். இரண்டு பெயர்களை எழுதினால், மற்றவர் செய்திருப்பார் என்ற பழைய கதைதான் மீண்டும் நடக்கும். வண்டி, தங்குமிடம், பணக்கணக்கு, வீட்டைப் பூட்டுவது ஆகிய நான்குக்கும் ஆள் குறிக்கப்பட்டால் பெரும்பகுதி முடிந்துவிட்டது. ஆண்டு முழுவதற்குமான வேலைப் பங்கீட்டு அட்டவணையைச் சுவரில் ஒட்டுவதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அது விரைவிலேயே வெறும் காகிதமாகிவிடும். இரண்டு நாள் பயணத்துக்கு மட்டும் பெயர் குறிப்பதை எல்லோரும் மதிக்கிறார்கள்.

எங்கே போவது என்பதை முடிவு செய்வதில் ஒரு வினோதமான சிக்கல் உண்டு. மேலாண்மை அறிஞர் ஜெரி ஹார்வி 1974-இல், கடும் வெயிலில் நெடுந்தூரம் காரில் சென்று சோர்ந்து திரும்பிய ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். திரும்பிய பிறகுதான், அவர்களில் ஒருவருக்கும் அங்கே போக விருப்பமே இருந்ததில்லை என்பதும், மற்றவர்கள் விரும்புகிறார்கள் என்று எண்ணி ஒவ்வொருவரும் தலையாட்டியிருந்தார்கள் என்பதும் தெரியவந்தன. சேர்ந்து தங்கியிருப்பவர்களிடம் இது இன்னும் எளிதாக நடக்கும். ஏனெனில் "நான் வரவில்லை" என்று சொல்பவர் அடுத்த வாரம் முழுவதும் அதே முகங்களோடு அதே சமையலறையில் நிற்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தால் முதலில் விழும் இரண்டு வாக்குகளின் பக்கமே மற்றவையும் சாய்ந்துவிடும். அதற்குப் பதிலாக, இரண்டு அல்லது மூன்று இடங்களை முன்வைத்து, "கட்டாயம் வேண்டும்", "போனால் போகலாம்", "வேண்டாம்" என்ற மூன்றில் ஒன்றை ஒவ்வொருவரும் ஒருங்கிணைப்பாளருக்குத் தனியாக அனுப்பும்படி செய்யலாம். எல்லா விடைகளும் "போனால் போகலாம்" என்றே வந்தால், அந்த வாரம் வீட்டிலேயே தூங்கி எழுவதுதான் அறிவுடைமை.

செலவின் உச்ச வரம்பையும் இதே போலத் தனியாகவே கேட்க வேண்டும். ஒரே வீட்டில் இருப்பவர்களின் சம்பளம் ஒன்றாக இருப்பதில்லை. ஊருக்குப் பணம் அனுப்புபவர், கல்விக்கடன் கட்டுபவர், மாத இறுதியில் கையைப் பிசைபவர் எல்லோரும் கூட்டத்துக்கு நடுவே அதைச் சொல்லமாட்டார்கள். வந்த வரம்புகளில் எது மிகக் குறைவோ அதற்குள் திட்டமிடுவது ஒரு வழி. அது முடியாதென்றால் இடத்தை மாற்றலாமே தவிர, அந்த ஒருவரைக் கடன் வாங்கி வரும்படி வற்புறுத்தலாகாது.

இனி வீட்டைப் பூட்டுவதற்கு வருவோம். விடியற்காலையில் குழாயைத் திறந்து பார்த்துத் தண்ணீர் வராததால் அப்படியே விட்டுவிட்டுப் போவது, சேர்ந்து தங்கும் வீடுகளுக்கே உரிய விபத்து. சில மணி நேரம் கழித்துத் தண்ணீர் வரும். கழுவாத பாத்திரங்களும் உணவுத் துணுக்குகளும் தொட்டியின் வாயை அடைத்திருக்கும். வழிந்த நீர் கீழ்வீட்டுக் கூரை வரை இறங்கும். வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் ஒருமுறையாவது பார்த்துவைத்திருக்க வேண்டும். வெளியூர் செல்லும்போது அதை மூடிவிட்டால் தனித்தனிக் குழாய்களைப் பற்றிய கவலை தேவையில்லை. இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கருவி, சார்ஜர்கள் ஆகியவற்றின் சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், செருகிகளையும் கழற்றிவிடுவது நல்லது.

கேஸ் விஷயத்தில் மட்டும் எந்த அவசரமும் கூடாது. அடுப்பின் திருகைத் திருப்பி அணைத்துவிட்டு, சிலிண்டரின் ரெகுலேட்டரைத் திறந்தபடி விட்டுச் செல்பவர்கள் அதிகம். சிலிண்டரில் வரும் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் அது தரையை ஒட்டியே தேங்கி நிற்கும். குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவோ காற்றைவிட இலேசானது, மேலே எழும். இரண்டுக்கும் இயல்பில் மணமில்லை. நாம் முகர்வது எச்சரிக்கைக்காகவே சேர்க்கப்படும் நாற்றம். பயணம் முடிந்து கதவைத் திறக்கும்போது அந்த நாற்றம் வந்தால், இருட்டாக இருக்கிறதே என்று விளக்கைப் போடக் கூடாது. எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைக்கவும் கூடாது, ஏனெனில் சுவிட்சில் எழும் சிறு பொறியே போதுமானது. கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு, எட்டும் நிலையில் இருந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு, எல்லோரும் வெளியே வந்த பிறகே தொலைபேசியில் உதவிக்கு அழைக்க வேண்டும். பசியோடு திரும்பும் குழுவில் ஒருவர் நேரே அடுப்பங்கரைக்குப் போய்விடுவார் என்பதால், இதை முன்கூட்டியே பேசிவைத்திருப்பது அவசியம்.

சாவியைப் பொறுத்தவரை ஒரு சிறு தர்க்கம் உண்டு. கடைசியாக வீட்டைப் பூட்டுபவர் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்வது வழக்கம். ஆனால் அவர்தான் முதலில் திரும்புவார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. முதலில் திரும்பப் போகிறவரிடம் ஒரு சாவியும், பயணத்துக்கு வராத நம்பகமான ஒருவரிடம் மற்றொரு சாவியும் இருக்க வேண்டும். மிதியடிக்கு அடியிலும் பூந்தொட்டிக்கு உள்ளேயும் வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. திருடன் முதலில் தேடும் இடங்கள் அவையே. சாவிக்கொத்தில் வீட்டு முகவரியை எழுதி மாட்டக் கூடாது. அப்படி மாட்டிய கொத்து தொலைந்துவிட்டால், வீட்டு உரிமையாளரிடம் சொல்லிப் பூட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

புறப்படும் நேரத்தில்தான் இளைஞர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். வேலை முடிந்த கையோடு நள்ளிரவில் கிளம்பினால் ஒரு நாள் மிச்சம் என்று கணக்குப் போடுவார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் திறனுக்கு நிகராகக் குறைகிறது என்பதை 1997-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அதுதான். காலை 6 மணிக்கு எழுந்து வேலைக்குப் போனவர் இரவு 11 மணிக்கு வண்டியை எடுக்கிறார் என்றால், மதுவைத் தொடாமலேயே அவர் அந்த நிலையில்தான் இருக்கிறார். தூங்கி எழுந்து விடியற்காலையில் கிளம்புங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிடமாவது நிறுத்துங்கள். ஓட்டத் தெரிந்த வேறொருவர் இருந்தால் அப்போது ஆளையும் மாற்றுங்கள். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் அமர்பவர் தூங்கக் கூடாது என்பதை எழுதாத சட்டமாக வைத்துக்கொள்ளலாம். பின்னிருக்கையில் வாய் திறந்து உறங்கும் உரிமையை அவர் அடுத்த சுற்றில் பெற்றுக்கொள்ளட்டும்.

மலை ஏறுவதாக இருந்தால், நேரத்தை மனம்போன போக்கில் மதிப்பிடாமல், ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த எளிய கணக்கைப் பயன்படுத்தலாம். சமதளத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பது அந்தக் கணக்கு. 10 கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏற வேண்டிய பாதைக்கு 3 மணி நேரம் ஆகும். ஆனால் இது நில்லாமல் நடக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கான அளவு. வாரம் முழுவதும் கணினிக்கு முன் அமர்ந்திருந்துவிட்டு, பத்தடிக்கு ஒருமுறை படமெடுக்க நிற்கும் குழுவுக்கு இன்னும் பாதி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உச்சியை எட்டினாலும் எட்டாவிட்டாலும் இன்ன நேரத்தில் திரும்பிவிடுவோம் என்று அடிவாரத்திலேயே முடிவு செய்வதும், அதைச் செயல்படுத்தும் பொறுப்பைக் குழுவில் சற்றே பிடிவாதமான ஒருவரிடம் ஒப்படைப்பதும் பயன்தரும். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், அவர் வந்து சேரும் நேரத்தில் மற்றவர்கள் இளைப்பாறி முடித்து எழுந்துவிடுவார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது.

கடலில் இறங்குபவர்கள் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தைப் பற்றி அறிந்திருக்க வேண்டும். அது குறுகலானது; அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்துபவர்கள் களைத்துப் போவதால்தான் மூழ்குகிறார்கள். மிதந்தபடி பதற்றத்தைத் தணித்துக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரையை நோக்கித் திரும்ப வேண்டும். அருவியிலும் ஆற்றிலும், தலைக்கு மேலே வானம் தெளிவாக இருந்தாலும் மேற்பகுதியில் பெய்த மழை திடீரென வெள்ளமாக வரக்கூடும்; நீர் கலங்கத் தொடங்கினாலோ, குச்சிகளும் இலைகளும் மிதந்து வந்தாலோ உடனே மேடான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். நீரில் விழுந்த கைபேசியை உடனே அணைத்து, உலரும் வரை சார்ஜ் செய்யாமல் விடுவதே சரி. அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை, தூசு வேறு உள்ளே போகும்.

வீடு திரும்பிய இரவில் சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் அதைச் சாப்பிட வேண்டாம். குளிர்பதனப் பெட்டியின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். பயணத்துக்கு முன்பு சமைத்து உள்ளே வைத்தது நான்கு நாளைக் கடந்துவிட்டால், மணம் நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

பணக்கணக்கை மறுநாள் இரவுக்குள் முடிப்பதே உறவுக்கு நல்லது. ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் தனித்தனியாகப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. நான்கு பேரில் முதலாமவர் 5,000-உம் இரண்டாமவர் 2,200-உம் மூன்றாமவர் 800-உம் செலவழித்து, நான்காமவர் ஒன்றும் செலவழிக்கவில்லை என்று கொண்டால், மொத்தம் 8,000, ஆளுக்கு 2,000. நான்காமவர் முதலாமவருக்கு 2,000-உம், மூன்றாமவர் முதலாமவருக்கு 1,000-உம் இரண்டாமவருக்கு 200-உம் கொடுத்தால் மூன்றே பரிமாற்றங்களில் கணக்கு நேராகிவிடும். எத்தனை பேராக இருந்தாலும், ஆள் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவான பரிமாற்றங்களே அதிகபட்சமாகத் தேவைப்படும். கடைசி நேரத்தில் வராமல் போனவரின் பங்குதான் வழக்கமாகச் சண்டையில் முடியும். முன்பதிவு செய்த அறை, வண்டி போன்றவற்றில் திரும்பப் பெற முடியாத தொகையில் அவருடைய பங்கை அவரே ஏற்க வேண்டும் என்பதும், உணவு, நுழைவுக்கட்டணம் போன்ற அன்றாடச் செலவுகள் அவரைச் சேராது என்பதும், முன்பணம் கட்டும் நாளிலேயே எல்லோருக்கும் எழுத்தில் அனுப்பப்பட்டிருக்க வேண்டும்.