புது டேப்லெட்டின் முன்கேமரா சரியில்லையா? திருப்பி அனுப்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு ராத்திரி, மணி பத்தரை இருக்கும், தங்கையிடமிருந்து ஒரு செல்ஃபி வந்தது. கூடவே ஒரு வரி: "அண்ணா, டேப்தான் புதுசு. என் மூஞ்சி தண்ணியில கரைஞ்ச மாதிரி இருக்கு. திருப்பிக் கொடுத்துடட்டுமா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். கன்னமும் கழுத்தும் ஒன்றோடொன்று குழைந்திருந்தன. முடி இழை இழையாகத் தெரியாமல் கறுப்புச் சாயத்தை அப்பியதுபோல இருந்தது. பின்சுவர் முழுக்கப் புள்ளி. கண்ணுக்குக் கீழே கரிய நிழல் விழுந்திருந்ததைப் பார்த்ததும் அறையில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் தலைக்கு நேர் மேலே எரிகிறது என்று புரிந்துவிட்டது.

"காலையில ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து இன்னொண்ணு எடு. அப்புறம் பேசலாம்" என்றேன். மறுநாள் வந்த படத்தில் புருவ முடியை எண்ணிவிடலாம். அதே கேமராதான்.

இதனால் டேப்லெட் கேமராக்கள் எல்லாம் அருமை என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலானவை சுமார் ரகம். ஆனால் கேமராவின் குறையும் நம்முடைய தவறும் ஒரே படத்தில் கலந்து வருகின்றன. எது யாருடையது என்று பிரித்துப் பார்க்காமல் சிலர் நல்ல டேப்லெட்டைத் திருப்பி அனுப்புகிறார்கள். சிலர் உண்மையிலேயே பழுதானதைச் சகித்துக்கொண்டு வைத்திருக்கிறார்கள்.

ராத்திரிப் படத்தை வைத்து முடிவெடுப்பது

புதுப் பொருள் வந்த அன்று நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெட்டியைப் பிரித்து, சார்ஜ் ஏற்றி, கணக்கைப் போட்டு, அப்டேட் முடியும்போது இருட்டிவிடும். அதற்குப் பிறகுதான் கேமராவைத் திறப்போம். சிறிய கேமராவைச் சோதிக்க அதைவிட மோசமான நேரம் இல்லை.

முன்கேமராவின் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் சில்லு, மிகச் சிறியது. பின்கேமராவுக்கு முதுகில் திமில்போல ஒரு மேடு விட்டுக்கொள்ளலாம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, அங்கே மேடு வைக்க வழியில்லை. டேப்லெட்டோ போனைவிட ஒல்லியாகவே இருக்கப் பார்க்கிறது. 2024இல் வந்த 13 அங்குல ஐபேட் ப்ரோவின் தடிமன் 5.1 மில்லிமீட்டர்தான். அந்த ஒல்லி உடம்புக்குள் அடங்கும் லென்ஸும் சென்சாரும் எவ்வளவு வெளிச்சத்தைப் பிடித்துவிட முடியும்?

வீடியோ என்றால் நெருக்கடி இன்னும் அதிகம். வினாடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது வினாடியில் 30இல் ஒரு பங்கு நேரம். அதற்குள் போதிய வெளிச்சம் வராவிட்டால் கிடைத்த கொஞ்சத்தையும் கேமரா மின்னணு முறையில் பெருக்குகிறது. அப்படிப் பெருக்கும்போது முளைப்பவைதான் அந்தப் புள்ளிகள். உடனே மென்பொருள் வந்து புள்ளிகளைத் தேய்த்து அழிக்கும். அதற்குப் புள்ளி எது, தோலின் துளை எது என்று தெரியாது. இரண்டையும் சேர்த்தே அழிக்கும். தங்கையின் கன்னம் கரைந்தது இப்படித்தான்.

ஆகவே முதல் சோதனை பகலில். முகம் ஜன்னலைப் பார்த்து இருக்கட்டும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் கதை மாறிவிடும்: கேமரா வெளியே இருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டு உங்களை நிழலுருவமாக்கிவிடும். திரையில் உங்கள் முகத்தைத் தொட்டால் வெளிச்சம் முகத்துக்கு ஏற்ப மாறும், ஆனால் ஜன்னல் வெளுத்துப்போகும். நாற்காலியைத் திருப்பிப் போடுவதுதான் சுலபம்.

ராத்திரியில்தான் பேச வேண்டும் என்றால் டேப்லெட்டுக்குப் பின்னால், கண்ணின் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மேசை விளக்கை வையுங்கள். அது வெள்ளைச் சுவரில் பட்டு உங்கள்மேல் திரும்பினால் இன்னும் நல்லது. அவசரத்துக்கு டேப்லெட்டின் திரையே ஒரு விளக்குதான்: டார்க் மோடை அணைத்துவிட்டுப் பிரகாசத்தைக் கூட்டினால் முகம் தெளியும். கண்ணாடி போட்டவர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு, மூக்கின்மேல் இரண்டு குட்டித் திரைகள் மின்னும்.

லென்ஸின்மேல் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது

இது என் சொந்த மானக்கேடு. முன்பு ஒரு டேப்லெட் வாங்கியபோது, எந்த விளக்கைக் காட்டினாலும் அதைச் சுற்றிப் பால் கொட்டியதுபோல ஒரு வட்டம் வந்தது. படம் மொத்தமும் வெளிறித் தெரிந்தது. அமைப்புகளுக்குள் போய் எல்லாவற்றையும் மாற்றினேன், ரீசெட்கூடச் செய்தேன். நான்காம் நாள் டேப்லெட்டைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது: நானே ஒட்டிய ஸ்கிரீன் கார்டில் கேமராவுக்கான ஓட்டை ஒரு மயிரிழை தள்ளி இருக்கிறது, அதன் விளிம்புப் பசை லென்ஸின்மேல் பாதி ஏறியிருக்கிறது. பிரித்து ஒட்டினேன். வட்டம் போய்விட்டது.

டேப்லெட்டில் முன்கேமரா இருக்கும் இடம் நாம் கைவைத்துப் பிடிக்கும் ஓரமாகவே அமைந்துவிடுகிறது. கட்டைவிரல் ஒருமுறை பட்டால் போதும், எண்ணெய்ப் படலம் உட்கார்ந்துவிடும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். பெட்டியோடு வந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் இன்னும் ஒட்டியிருக்கிறதா, கவரின் உதடு லென்ஸின் ஓரத்தை மறைக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மெகாபிக்சலை நம்பி வாங்குவது

விளம்பரத்தில் 8 மெகாபிக்சல், 12 மெகாபிக்சல் என்று போட்டிருக்கும். ஒரு மெகாபிக்சல் என்றால் பத்து லட்சம் பிக்சல், அதாவது படத்தின் நுண்புள்ளிகள். வீடியோ காலில் அது ஏறக்குறைய அர்த்தமற்ற எண். 1080பி வீடியோவில் ஒரு ஃபிரேமில் இருப்பவை 1920 x 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள். 720பி என்றால் 9.2 லட்சம்தான். 80 லட்சம் பிக்சல் கேமரா வைத்திருந்தாலும் எதிரில் இருப்பவருக்குப் போவது அதில் ஒரு பங்குதான். படத்தின் தரத்தைத் தீர்மானிப்பவை ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு வெளிச்சம் வாங்குகிறது, லென்ஸ் எப்படிப்பட்டது, மென்பொருள் எவ்வளவு கைதேர்ந்தது என்பவையே.

இதற்காக எண்ணை முழுக்க ஒதுக்கவும் வேண்டாம். 2020இல் வந்த எட்டாம் தலைமுறை ஐபேடில் முன்கேமரா 1.2 மெகாபிக்சல், 720பி மட்டுமே. அடுத்த ஆண்டே அது 12 மெகாபிக்சல் அகலக் கோண லென்ஸானது. அந்த அளவு தாவல் கண்ணுக்குத் தெரியும். 5க்கும் 8க்கும் உள்ள வித்தியாசம் அப்படித் தெரிவதில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை வேறு. முன்கேமரா எந்த அளவில் வீடியோ எடுக்கும்? ஃபோகஸ் நிலையானதா, தானாக மாறுமா? கேமரா எந்தப் பக்க விளிம்பில் இருக்கிறது? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, தினமும் உறுத்துவதோ அதுதான்.

கேமரா எங்கே இருக்கிறது என்று யோசிக்காமல் உட்காருவது

பல காலம் டேப்லெட்டின் கேமரா குட்டை விளிம்பில்தான் இருந்தது, நிமிர்த்திப் பிடிக்கும் போனைப்போல. ஆனால் ஸ்டாண்டில் வைத்துப் பேசும்போது டேப்லெட்டைப் படுக்கைவாட்டில்தான் வைப்போம். அப்போது கேமரா இடது ஓரத்துக்கோ வலது ஓரத்துக்கோ போய்விடும். நீங்கள் திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துப் பேசுவீர்கள். எதிரில் இருப்பவருக்கோ நீங்கள் வேறு யாரையோ பார்த்துப் பேசுவதுபோல இருக்கும். ஐபேடில் கேமரா நீள விளிம்புக்கு வந்ததே 2022இல், பத்தாம் தலைமுறையில்தான்.

கேமரா ஓரத்தில் இருக்கும் டேப்லெட்டை வாங்கிவிட்டீர்களா? வீடியோ காலின்போது நிமிர்த்தி வையுங்கள். இல்லையென்றால் பேசுபவரின் கட்டத்தைக் கேமரா இருக்கும் பக்கமாக நகர்த்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று உயரம். மேசையில் வைத்துச் சாய்த்த டேப்லெட் உங்களைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கும். மூக்குத் துவாரம், தாடை, கூடவே கூரை விளக்கு. அந்த விளக்கு சட்டகத்துக்குள் வந்தால், முதுகுப் பக்க ஜன்னலைப் போலவே அதுவும் முகத்தை இருட்டாக்கிவிடும். அடியில் நாலு தடித்த புத்தகங்களை அடுக்கிக் கேமராவைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். தூரம் ஒரு கை நீளமாவது இருக்கட்டும். மிக அருகில் போனால் மூக்கு பெருத்துக் காது சுருங்கும். அது லென்ஸின் குற்றமல்ல, தூரத்தின் விளைவு. வெறும் கண்ணால் ஒருவரை அவ்வளவு கிட்டப் பார்த்தாலும் அப்படித்தான் தெரிவார்.

அதே சமயம் அறையின் அந்தக் கோடியிலும் உட்கார வேண்டாம். பல ஐபேடுகளில் சென்டர் ஸ்டேஜ் என்று ஒரு வசதி உண்டு. அகலக் கோணப் படத்திலிருந்து உங்களை மட்டும் வெட்டியெடுத்து, நகர்ந்தாலும் பின்தொடரும். தூரமாக உட்கார்ந்தால் வெட்டும் துண்டு சின்னதாகும், படம் மங்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசுபவர்கள் அதை அணைத்துவிட்டுப் பார்க்கலாம்.

இணையத்தின் குற்றத்தைக் கேமராமேல் போடுவது

"வீடியோ கால்ல கட்டம் கட்டமா உடையுது, கேமரா சரியில்ல" என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, கேமரா ஆப்பில் ஒரு நிமிட வீடியோ எடுத்துப் பார்த்தீர்களா என்பது. அது தெளிவாக இருந்தால் கேமராமேல் குறையில்லை. இணைப்பு தளரும்போது கால் ஆப்கள் படத்தைச் சுருக்கி அனுப்பும். குழுவாகப் பேசும்போது இன்னும் சுருக்கும். ஆப்பின் அமைப்புகளில் எச்டி என்ற தேர்வு இருந்தால் அதை இயக்கிப் பாருங்கள், டேட்டா சேமிப்பு இயங்கினால் அணையுங்கள். வைஃபை ரவுட்டர் இரண்டு சுவர் தள்ளி இருந்தால் கொஞ்சம் கிட்டே போய் உட்காருங்கள்.

உங்கள் திரையின் மூலையில் தெரியும் உங்கள் முகத்தை வைத்தும் எடைபோட வேண்டாம். எதிரில் இருப்பவர் பார்ப்பது வேறு. அவரையே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

போனோடு ஒப்பிடும் விதம்

போனில் எடுத்த செல்ஃபியை 6 அங்குலத் திரையிலும், டேப்லெட்டில் எடுத்ததை 11 அங்குலத் திரையிலும் பார்த்துவிட்டு, "போன்ல எவ்வளவு நல்லா வருது!" என்கிறோம். பெரிய திரை ஒவ்வொரு பிசிறையும் பெரிதாக்கிக் காட்டும். இரண்டு படங்களையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்போதும் பெரும்பாலும் போன்தான் ஜெயிக்கும், ஆனால் வித்தியாசம் குறைந்துவிடும்.

அப்புறம் முகத்தை மழமழப்பாக்கும் அந்த அழகுபடுத்தும் தேர்வு (பியூட்டி மோட்). சில டேப்லெட்டுகளில் வரும்போதே அது இயங்கிக்கொண்டிருக்கும். படம் மங்கலாக இருக்கிறது என்று புலம்பும் சிலருக்கு அதை அணைத்தாலே போதும்.

கிட்டே காட்டினால் தெரியும் என்று நினைப்பது

தங்கை பிள்ளைகளுக்கு வீடியோ காலில் கணக்குச் சொல்லித் தருகிறாள். நோட்டைக் கேமராவுக்கு ஒரு சாண் தூரத்தில் காட்டுவாள், அங்கிருந்து "தெரியல அக்கா" என்று குரல் வரும், இன்னும் கிட்டே கொண்டுபோவாள், இன்னும் மங்கும். பல டேப்லெட்டுகளின் முன்கேமராவில் ஃபோகஸ் ஒரே இடத்தில் நிற்கும், சுமாராக ஒரு கை தூரத்தில் இருக்கும் முகத்துக்காக அமைத்தது. நோட்டைப் பின்னால் தள்ளி, எழுத்தைப் பெரிதாக எழுதினால் தெரியும். அதைவிட, பின்கேமராவுக்கு மாற்றி நோட்டைக் காட்டுவது மேல். அவள் இப்போது போனிலிருந்தும் அதே காலில் சேர்ந்து, போனை நோட்டுக்கு மேலே ஸ்டாண்டில் மாட்டிவிட்டாள். இப்படிச் செய்தால் ஒன்றின் மைக்கையும் ஒலிபெருக்கியையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி காதைப் பிளக்கும். யுஎஸ்பி-சி உள்ள ஐபேடில் ஐபேட்ஓஎஸ் (ஐபேடின் இயங்குதளம்) 17 முதல் வெளிக் கேமராவையும் செருகிக்கொள்ளலாம்.

உண்மையான பழுதைச் சகித்துக்கொள்வது

இது எதிர்த்திசைத் தவறு. பகல் வெளிச்சத்தில், துடைத்த லென்ஸில், ஸ்கிரீன் கார்டு இல்லாமல் எடுத்தும் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் லென்ஸ் சரியாகப் பொருந்தவில்லை. ஒரே இடத்தில் கறும்புள்ளி வந்தால் உள்ளே தூசி இருக்கலாம். துடைத்தும் போகாத பனிமூட்டம், எந்த ஆப்பைத் திறந்தாலும் மாறாத ஊதா சாயல், டேப்லெட்டை அணைத்துப் போட்டும் கேமரா அனுமதியைச் சரிபார்த்தும் மாறாத கறுப்புத் திரை ஆகியவையும் இந்த ரகம்தான். அமைப்பில் எதையும் மாற்றி இவற்றைச் சரிசெய்ய முடியாது. விளக்கின் கீழ் வரிவரியாகப் பட்டை ஓடுவதை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அது விளக்கின் துடிப்பு. கேமரா அமைப்பில் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் தேர்வு இருந்தால் மாற்றிப் பாருங்கள், அல்லது வேறு விளக்கில் எடுங்கள்.

நன்றாக வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரைப் படம் எடுத்தால் கறும்புள்ளி தெரிந்துவிடும். அச்சடித்த பக்கத்தை ஒரு கை தூரத்தில் நேராகப் பிடித்து எடுத்தால் எந்த மூலை மங்குகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு படத்தையும் பெட்டி பிரித்த இரண்டாம் நாளே எடுத்துவிடுங்கள். குறை இருந்தால் மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் அவற்றைக் காட்டிப் பேசலாம். கெடு எத்தனை நாள் என்று ரசீதைப் பாருங்கள், அதில் இல்லாவிட்டால் கடையில் கேளுங்கள்.