டிரெய்லர் இழுக்கப் பழைய டாஹோ: பார்த்து வாங்கி, தயார் செய்வது எப்படி?

அமெரிக்காவில் கேம்பிங் டிரெய்லரோ படகோ வாங்க நினைக்கும் குடும்பங்கள், அதை இழுக்கப் பெரும்பாலும் தேடிப் போவது பழைய செவ்ரோலே டாஹோ எஸ்யூவியையும் அதைவிட நீளமான சபர்பனையும்தான். 2007 முதல் 2014 வரை வந்த தலைமுறையை எடுத்துக்கொண்டு இங்கே சொல்கிறேன். பாடிக்கு அடியில் தனி ஃபிரேம், வி8 எஞ்சின், எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரி பாகங்கள் என்று புதிதாக இறங்குபவர்களுக்கு ஏற்ற வண்டி இது.

படி 1: வண்டி பார்க்கப் போகுமுன் எடைக் கணக்கு

விற்பவர் "8,000 பவுண்டு இழுக்கும் சார்" என்பார். அந்த எண்ணை நம்பி டிரெய்லர் வாங்காதீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். உங்கள் எல்லையை முதலில் முடிவு செய்வது அதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 1,500 பவுண்டு. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் டிரெய்லர், தண்ணீர், பாத்திரம், படுக்கை எல்லாம் ஏற்றிய பிறகு 5,500 பவுண்டு. அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் மேல், அதாவது வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பின் மேல், அமர வேண்டும். குறைந்தால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். 13 சதவீதம் என்று வைத்தால் 715 பவுண்டு. ஓட்டுபவரையும் சேர்த்து நான்கு பேர், 550. டிக்கியில் சாமான், 150. ஹிட்ச் கருவிகள், 90. மொத்தம் 1,505. இழுக்கும் திறனில் இன்னும் 2,500 பவுண்டு மிச்சம் இருக்கிறது, ஆனால் வண்டி சுமக்கும் அளவு முடிந்துவிட்டது! டிரெய்லரின் காலி எடையை வைத்துக் கணக்கு போட்டால் இந்தச் சிக்கல் கண்ணிலேயே படாது. 7,000 பவுண்டு டிரெய்லர்தான் வேண்டும் என்றால் டாஹோவை விட்டுவிட்டு, 6.0 லிட்டர் எஞ்சின் வைத்த சபர்பன் 2500 தேடுங்கள். பெட்ரோல் அதிகம் குடிக்கும், பரவாயில்லை.

படி 2: எந்த வண்டி?

2007, 2008 டாஹோவின் 5.3 லிட்டர் எஞ்சினோடு வருவது 4 கியர் ஆட்டோமேட்டிக். 2009 முதல் 6 கியர். மேட்டில் டிரெய்லரோடு ஏறும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்; என் கருத்து, 2009க்கு முந்தையதை விட்டுவிடலாம்.

அடுத்து, முன் சீட்டுக்கு எதிரே டாஷ்போர்டில் உள்ள குளோவ் பாக்ஸைத் திறந்து, உள்ளே ஒட்டியிருக்கும் குறியீட்டுத் தாளைப் போட்டோ எடுங்கள். இசட்82 இருந்தால் தொழிற்சாலையிலேயே டிரெய்லர் வசதி வைத்த வண்டி. கே5எல் இருந்தால் கனரக இழுவைத் தொகுப்பு. ஜேஎல்1 என்றால் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், அதாவது டிரெய்லரின் சொந்த பிரேக்கை இயக்கும் கருவி, ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பின் ஆக்சிலுக்கு ஜியு6 என்றால் 3.42 கியர் விகிதம், ஜியு4 என்றால் 3.08. இழுக்க 3.42 வேண்டும்.

படி 3: நேரில் சோதனை

எஞ்சின் ஆறியிருக்கும்போது காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போகும்போதே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். ஏன் என்றால் இந்த எஞ்சினின் பெரிய நோய் முதல் ஸ்டார்ட்டில்தான் காதில் விழும். பெட்ரோல் மிச்சப்படுத்த 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்களையும் ஓட்டத்தின்போது நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இதில் உண்டு. அந்தச் சிலிண்டர்களின் வால்வுகளை இயக்கும் லிஃப்டர்கள் பழுதாகும். டிக் டிக் என்ற சத்தம், கூடவே எஞ்சின் உதறல், செக் எஞ்சின் விளக்கு என்று வந்தால் தொடவே வேண்டாம். எஞ்சின் தலைப்பகுதியைக் கழற்றிப் பார்க்கும் வேலை அது. சூடானதும் மறையும் டிக் சத்தம் மட்டும் என்றால் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து புகையை வாங்கும் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட் உடைந்திருக்கும். அதைச் சரி செய்யலாம், விலையில் பேரம் பேசவும் உதவும்.

கீழே படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒஹாயோ, மிச்சிகன் போன்று பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடும் மாநிலங்களில் ஓடிய வண்டி என்றால் ஃபிரேமோடு பிரேக் குழாய்களையும் விரலால் தடவிப் பாருங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால் வேண்டாம். டாஷ்போர்டு வெடிப்பு இந்த வண்டிகளில் சகஜம், அதற்காக நல்ல வண்டியை விடாதீர்கள். வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்னை அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை தளத்தில் போட்டு, முடிக்காத ரீகால் (குறையைச் சரி செய்ய கம்பெனி திரும்ப அழைத்தது) ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 4: வாங்கியதும்

அழகு வேலைகளைத் தள்ளி வையுங்கள். முதலில் எண்ணெய்கள்: எஞ்சின் ஆயில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான டெக்ஸ்ரான் 6 ரக கியர் ஆயிலும் அதன் ஃபில்டரும், பின் ஆக்சில் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில். முன்பு டிரெய்லர் இழுத்த வண்டி என்றால் கியர் ஆயிலின் நிறமே சொல்லிவிடும். கறுத்துப் போய், தீய்ந்த வாடை வந்தால் மெக்கானிக்கிடம் காட்டாமல் டிரெய்லர் மாட்ட வேண்டாம்.

அப்புறம் பிரேக் பேட், டயர். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். 3218 என்றால் 2018ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை இழுவைக்கு நான் நம்புவதில்லை. டிரெய்லர் டயருக்கும் இதே கதைதான்.

படி 5: ஹிட்ச்சும் பிரேக்கும்

பின்னால் 7 முனை சாக்கெட் இருக்கிறதா, முனைகளில் கரன்ட் சரியாக வருகிறதா என்று டெஸ்டர் வைத்துப் பாருங்கள். பச்சை பிடித்த முனைதான் பாதி பிரச்சினைக்குக் காரணம். ஜேஎல்1 இல்லாவிட்டால் பிரேக் கன்ட்ரோலர் தனியாக வாங்கி, டாஷ்போர்டுக்கு அடியில் மாட்டலாம். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 5,500 பவுண்டை டாஹோவின் பிரேக்கால் மட்டும் பாதுகாப்பாக நிறுத்த முடியாது.

ஹிட்ச்சைச் செருகும் சதுர வாயான ரிசீவர் மேலேயே இரண்டு எல்லைகள் எழுதியிருக்கும்: எடைப் பகிர்வு ஹிட்ச் இல்லாமல் ஒன்று, அதோடு இன்னொன்று. இந்த அளவு டிரெய்லருக்கு எடைப் பகிர்வு ஹிட்ச் வேண்டும். பின்பக்கம் அமுங்கிய வண்டியின் முன் சக்கரங்களுக்கு எடையைத் திருப்பித் தருவது அது. ஆனால் அதை மாட்டிவிட்டதால் கதவு ஸ்டிக்கரின் எண் கூடிவிடாது. பாதுகாப்புச் சங்கிலிகளை ஹிட்ச்சின் கீழே குறுக்காகப் போடுங்கள்.

படி 6: முதல் ஓட்டம்

நீண்ட பயணத்துக்கு முன் பக்கத்திலுள்ள டிரக் ஸ்டாப்பில் எடை மேடை ஏறுங்கள். டிரெய்லரோடு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை. முன் ஆக்சில், பின் ஆக்சில் எடை தனித்தனியாகச் சீட்டில் வரும். கதவு ஸ்டிக்கரில் உள்ள ஆக்சில் எல்லைகளோடு ஒப்பிடுங்கள். சாலையில் கியர் லீவர் முனையில் உள்ள டோ/ஹால் (இழுவை முறை) பட்டனை அழுத்தி, மீட்டரில் கியர் ஆயில் சூட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். 220 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் வேகத்தைக் குறையுங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் முதல் 50 மைலில் நிறுத்தி, நட்டுகளை 140 பவுண்டு-அடி டார்க்கில் மறுபடி இறுக்குங்கள். டிரெய்லர் நட்டுகளுக்கு அதன் கையேட்டில் உள்ள அளவு வேறு.