உயரம் குறைந்த திரையில் எக்ஸ்எஃப்சிஇ: என் அமைப்பு

என் லேப்டாப்பின் திரை 1366 × 768. அகலம் தாராளம், உயரத்துக்குத்தான் பஞ்சம். தமிழில் எழுதுகிறவருக்கு இது பெரிய விஷயம். கீ, ஞூ என்று மேலும் கீழும் நீளும் எழுத்துகளுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். திரையில் தெரியும் வரிகள் குறைந்துபோகும். ஆகவே லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ (Xfce) என்ற டெஸ்க்டாப் சூழலை நிறுவியதும் வால்பேப்பர், தீம் எதையும் தொடமாட்டேன். முதல் வேலை உயரத்தை மீட்பது.

பேனலில், அதாவது மெனுவும் கடிகாரமும் இருக்கும் பட்டையில், வலது கிளிக் செய்து 'பேனல் பிரிஃபரன்ஸஸ்' திறங்கள். 'மோட்' என்ற இடத்தில் 'டெஸ்க்பார்' தேர்ந்தெடுங்கள். பட்டை செங்குத்தாக நிற்கும், எழுத்துகள் நேராகவே இருக்கும். 'வெர்ட்டிக்கல்' வேண்டவே வேண்டாம். கடிகாரம் படுத்துக்கொள்ளும், மணி பார்க்கக் கழுத்தைச் சாய்க்க வேண்டும். 'லாக் பேனல்' குறியை எடுத்து, பேனலை இடது ஓரத்துக்கு இழுத்துவிட்டு மறுபடி பூட்டிவிடுங்கள்.

அடுத்து, செட்டிங்ஸில் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' பகுதியில் 'ஆக்சஸிபிலிட்டி'. பெரிதாக்கிய சாளரத்தின் தலைப்புப் பட்டையை மறைக்கும் தேர்வு அங்கே இருக்கிறது. அதை இயக்கினால் இன்னொரு வரிக்கு இடம் கிடைக்கும். சாளரத்தை மீண்டும் சிறிதாக்க, பேனலில் அதன் பொத்தானை வலது கிளிக் செய்தால் போதும்.

மீட்ட இடத்தில் கொஞ்சத்தை எழுத்துருவுக்குத் தாராளமாகக் கொடுங்கள். 'அப்பியரன்ஸ்' பகுதியில் 'ஃபான்ட்ஸ்' திறந்து நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 11 என்று வைக்கிறேன். எழுத்து விளிம்பைத் திரைக்கு ஏற்பச் சீராக்கும் 'ஹின்டிங்' தேர்வில் 'ஸ்லைட்'. அளவைக் குறைத்தால் என் திரையில் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ண், ண இரண்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. 'எண்ணெய்' என்று தட்டிப் பாருங்கள். இரண்டு புள்ளிகளும் தனித்து நின்றால் அளவு சரி. மெய்ப்புப் பார்க்கிறவர்கள் இதில் சிக்கனம் பிடிக்கவே கூடாது.

தட்டச்சுக்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், அதனுடன் பல மொழி விசைப்பலகைகளைத் தரும் எம்17என் தொகுப்பு, அதில் தமிழ்99 விசைப்பலகை. க விசையை இரண்டு முறை தட்டினால் 'க்க' தானாக வரும். இந்தச் சௌகரியத்தை விட்டு வேறு விசைப்பலகைக்குப் போக எனக்கு மனமில்லை. மொழி மாற்ற ஐபஸ் தருவது சூப்பர்+ஸ்பேஸ் (சூப்பர் என்பது விண்டோஸ் குறி உள்ள விசை). சில லினக்ஸ் விநியோகங்களில் சூப்பர் விசை மெனுவைத் திறக்கவும் ஒதுக்கப்பட்டிருக்கும், அங்கே இரண்டும் மோதலாம். நான் கன்ட்ரோல்+ஸ்பேஸ் வைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் பிடித்தபடி அமைந்ததும் கோப்பு மேலாளரில் கன்ட்ரோல்+எச் அழுத்துங்கள். மறைந்திருக்கும் கான்ஃபிக் (.config) கோப்புறைக்குள், எக்ஸ்எஃப்சிஇ அமைப்புகளைத் தாங்கிய எக்ஸ்எஃப்சிஇ4 (xfce4) என்று ஒன்று இருக்கும். அதை அப்படியே பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள்.