கரும்பொருள் ஹாலோக்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேலக்ஸிகளைச் சூழ்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருளின் திரளைத்தான் ஹாலோ என்கிறோம். அதற்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. மையத்தை விட்டு விலக விலக அடர்த்தி குறைந்துகொண்டே போகும், அவ்வளவுதான். ஆனாலும் நிறையைச் சொல்ல எங்காவது கோடு போட்டாக வேண்டும். உள்ளே இருக்கும் சராசரி அடர்த்தி, பிரபஞ்சத்தின் மாறுநிலை அடர்த்தியைப்போல (பிரபஞ்சம் தட்டையாக இருக்கத் தேவையான அடர்த்தி; பிரபஞ்சம் விரிய விரிய இது குறையும்) 200 மடங்காக இருக்கும் இடத்தில் கோடு போடுவது வழக்கம். அந்தக் கோடு நாம் போட்டது என்பதை மறந்துவிடுவதுதான் பெரிய தவறு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீண்ட அளவு; எண் கூடக் கூடக் காலம் பழையது) 1, அதாவது ஏறக்குறைய 800 கோடி ஆண்டுகளுக்கு முன், மாறுநிலை அடர்த்தி இன்றைக்கு இருப்பதைப்போல சுமார் 3 மடங்கு. பால்வழி அளவுள்ள ஒரு ஹாலோ அன்றிலிருந்து துளியும் மாறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் விழவில்லை, உள்ளே இருந்ததும் அசையவில்லை. இன்று அதன் ஓரம் 7 லட்சம் ஒளியாண்டில் இருந்தால், அன்று 4.3 லட்சத்தில்தான் இருந்திருக்கும். ஒன்றுமே நடக்காமல், கோடு வெளியே நகர்ந்ததாலேயே நிறை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது! செறிவு எண்ணும் 6-லிருந்து 10-க்கு ஏறிவிடும், அது ஓரத்தின் ஆரத்தை உள் அளவுகோல் ஆரத்தால் (அடர்த்தி சரியும் வேகம் மாறும் தூரம்) வகுத்து வருவது என்பதால். இதைப் பார்த்து 'ஹாலோ வளர்ந்தது, மையம் இறுகியது' என்று எழுதிவிடக் கூடாது. உண்மையான வளர்ச்சி வேண்டுமென்றால், மாறாத ஒரு தூரத்துக்குள் இருக்கும் நிறையையோ, மையத்தைச் சுற்றி வரும் வேகத்தின் உச்சத்தையோ பாருங்கள்.

சரி, நிறையைச் சமமாக வைத்து இரண்டு காலங்களை ஒப்பிட்டால்? அங்கேயும் கவனம் வேண்டும். செம்பெயர்ச்சி 2-இல் ஒரு லட்சம் கோடி சூரிய நிறையுடன் இருந்த ஹாலோ, இன்று அதே நிறையுள்ள ஹாலோவின் மூதாதை அல்ல. அது பொதுவாக இன்று பல மடங்கு பெருத்து, ஒரு கேலக்ஸிக் குழுவையே தாங்கி நிற்கும். வளர்ச்சியைச் சொல்ல வேண்டுமானால் கிளைவழியை, அதாவது எந்தெந்த ஹாலோக்கள் சேர்ந்து இது ஆனது என்ற வரிசையைப் பிடித்துப் பின்னோக்கிப் போக வேண்டும்.

அப்புறம் சூழல். நிறை தெரிந்தால் போதும், அக்கம்பக்கம் எப்படியிருந்தால் என்ன என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2005-இல், கரும்பொருள் திரள்வதைக் கணினியில் நிகழ்த்திப் பார்த்த மில்லேனியம் சிமுலேஷன் அதை அசைத்தது. சிறிய ஹாலோக்களில், ஒரே நிறை இருந்தாலும், முன்னதாக உருவானவை அதிகமாகக் கூடிக் கிடந்தன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. பெரிய கேலக்ஸிக் கொத்து ஒன்றுக்கு வெளியே, அதன் ஆரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் ஒரு சின்ன ஹாலோ தனியாக நிற்கும். 'தனித்தது' என்ற பட்டியலில் அதைச் சேர்த்துவிடுவோம். ஆனால் அது முன்பே கொத்துக்குள் விழுந்து, வெளிப்புறத்தைப் பறிகொடுத்து, மறுபக்கம் வெளியே வந்ததாக இருக்கலாம். இப்போது நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் அது தெரியாது. பாதையைத் தேடிப் பார்த்த பிறகே பட்டியலில் சேருங்கள்.