கிட்னி மாற்றியவர் தடுப்பூசிக்குப் பயந்தால் என்ன செய்யலாம்?

கிட்னி மாற்று ஆபரேஷன் ஆனவர் "ஊசி போட்டா வச்ச கிட்னி போயிடும்" என்று அடம்பிடித்தால் வாதாடாதீர்கள், எந்த ஊசிக்குப் பயப்படுகிறார் என்று முதலில் கேளுங்கள். பயம் முழுக்கத் தப்பில்லை: தட்டம்மை, சின்னம்மை ஊசிகளில் உயிருள்ள கிருமி இருக்கிறது, பலவீனப்படுத்தியதுதான் என்றாலும் மாற்று உறுப்புக்காரருக்குப் பொதுவாக ஆகாது. ஃப்ளூ, நிமோனியா, ஹெபடைட்டிஸ் பி ஊசிகள் வேறு ரகம், இவற்றில் உயிருள்ள கிருமி இல்லை. இவற்றால் உறுப்பு நிராகரிப்பு, அதாவது வைத்த கிட்னியை உடம்பு ஏற்காமல் தாக்குவது, கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஃப்ளூ காய்ச்சல் வந்தால்தான் கிட்னிக்கு ஆபத்து.

சரி, டாக்டரிடம் போகும்போது ஆபரேஷன் தேதியையும், டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட் என்று, கிட்னியை உடம்பு தாக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகள் எழுதியிருக்கும் சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலும் ஆபரேஷன் ஆகி 3 முதல் 6 மாதம் கழித்துத்தான் ஊசிகளைத் தொடங்குவார்கள். ஊசிக்காக மாத்திரையை ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்தக் கூடாது.

டெல்டாவில் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வீட்டுக்கு வீடு இருமல்தான், அதனால் ஆடிப்பெருக்கு கழிந்ததுமே ஃப்ளூ ஊசியைப் பற்றிக் கேட்டுவிடுங்கள், வருடா வருடம்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் அந்த மாத்திரைகளால் ஊசி அவருக்கு முழுசாக வேலை செய்யாது. "அப்ப எதுக்கு?" என்பார். நியாயமான கேள்வி. ஓரளவு வேலை செய்தாலே நோய் முற்றாமல் தடுக்கலாம். மீதிக்கு வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம், பேரக்குழந்தைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்குமுன் டாக்டரிடம் சொல்லுங்கள்: அந்தக் கிருமி சில வாரங்கள் மலத்தில் வெளிவரும், அதுவரை குழந்தைக்குக் கால் கழுவிவிடும் வேலை தாத்தாவுக்கு வேண்டாம்.