பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறீர்களா? முதலில் தராசைத் தேடுங்கள்

பொங்கல் கழிந்து, வாடைக் காற்றின் வேகம் குறைந்து, கடல் கொஞ்சம் அடங்கும் நாட்களில் புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் பலருக்குப் பாய்மரப் படகு ஆசை துளிர்க்கிறது. புதுப் படகு விலைக்குக் கட்டாது. பழையது ஒன்று கிடைக்கிறது. போய்ப் பார்க்கிறார்கள், பளபளக்கிறது, அன்றே முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். ஆண்டுதோறும் புதிதாக வருபவர்கள் அதே குழியில்தான் விழுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

ஓட்டை இருக்கிறதா, கயிறு நைந்திருக்கிறதா, லைஃப் ஜாக்கெட் உண்டா என்பதையெல்லாம் எவரும் கேட்டுவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுவோம். இங்கே பேசப்போவது இரண்டு வகைப் படகுகளைப் பற்றி. ஒன்று, லேசர் என்னும் ஒற்றை ஆள் படகு. இப்போது ஐஎல்சிஏ என்ற பெயரில் வருகிறது. மற்றொன்று, இரட்டை உடல் கொண்ட ஹோபி 16. கற்றுக்கொள்பவர் தேடக்கூடியவை இவை. சொல்லப்படும் சோதனைகள் இதே அளவிலுள்ள மற்ற ஃபைபர் பாய்மரப் படகுகளுக்கும் பொருந்தும்.

நம் கரைக்கு ஒவ்வாத படகு

அடியில் ஈயக் கனம் வைத்த படகு கவிழாது என்று கேள்விப்பட்டு அதைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. ஜே 24 என்ற படகை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறத்தாழ 1,400 கிலோ. மிதக்க 1.2 மீட்டர் ஆழம் கேட்கும். அதை எங்கே நிறுத்துவீர்கள்? தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் மணல் அடைக்கிறது, தூர்வாருகிறார்கள், திரும்ப அடைக்கிறது. கடலூர் உப்பனாற்று வாயிலும் மணல்தான் தொல்லை. தேவனாம்பட்டினத்திலோ வீராம்பட்டினத்திலோ கரையில் இழுத்து வைக்கலாம் என்றால், 1,400 கிலோவை அலையிலிருந்து ஏற்றுவதற்கு ஒரு ஊரே வர வேண்டும்.

லேசரின் உடல் மட்டும் 59 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஹோபி 16 எல்லாம் சேர்த்து 145 கிலோ. அகலச் சக்கரம் வைத்த சிறு வண்டி இருந்தால் நான்கு பேர் மணலில் தள்ளிவிடுவார்கள். அடியில் செருகும் பலகை ஹோபிக்குக் கிடையாது. அலையடிக்கும் மணற்கரையில் ஏறி இறங்குவதற்கென்றே கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டர் அப்படி வடிவமைத்தார். நம் கரைக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

புது வண்ணத்துக்குப் பணம் கொடுப்பது

அதிகப் பணம் போவது இந்தத் தவறில்தான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சலூட்டுவதும் இதுதான்.

இந்தப் படகுகளின் மேல்தளம் ஒரே கெட்டித் தகடு அல்ல. மெல்லிய ஃபைபர் தோல் இரண்டு, நடுவே ஃபோம். ஹோபியில் உடல் முழுவதுமே இந்தக் கட்டுமானம்தான். தோலும் ஃபோமும் ஒட்டியிருக்கும் வரை படகு லேசாகவும் விறைப்பாகவும் இருக்கும். ஒரு திருகாணித் துளை வழியாகவோ மூட்டின் மயிரிழை வெடிப்பு வழியாகவோ தண்ணீர் உள்ளே போனால் அந்த ஒட்டு விடத் தொடங்கும். அதன் பிறகு மேல்தளம் கையடியில் அமுங்கும், படகு கனக்கும், தண்ணீரில் தாழ்ந்து மிதக்கும், காற்று இருந்தும் நகராது. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது வெளியே ஒரு அடையாளமும் தெரியாது. பட்டி பார்த்து இரண்டு கை வண்ணம் அடித்துவிட்டால் போதும்.

அடுத்து நடப்பதுதான் இன்னும் கொடுமை. வாங்கியவர் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கிறார், படகு கனக்கிறது. மீன்பிடிப் படகுகளைப் பழுது பார்க்கும் கொட்டகைக்கு எடுத்துப் போகிறார். "ரெண்டு மேட் போட்டு விட்டா கல்லு மாதிரி நிக்கும் தம்பி" என்கிறார்கள். மேட் என்பது ஃபைபர் இழை விரிப்பு, ரெசின் என்னும் பிசினில் ஊறவைத்து ஒட்டுவது. அவர்கள் சொல்வது மீன்பிடிப் படகுக்குச் சரி. அது கெட்டித் தகட்டில் ஆன படகு. ஐம்பது கிலோ கூடினாலும் எஞ்சின் தள்ளிக்கொண்டு போய்விடும். அந்தக் கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லேசரின் கணக்கு வேறு. 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டர் போட்டால் அது ஏறத்தாழ ஒரு கிலோ ரெசினைக் குடிக்கும். இரண்டும் சேர்ந்து 1.4 கிலோவுக்கு மேல். 4 சதுர மீட்டரில் இரண்டு அடுக்கு என்றால் 11 கிலோ தாண்டும். பட்டியும் வண்ணமும் தனி. 59 கிலோ படகில் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது, உள்ளே இருந்த தண்ணீரும் வெளியேற வழியில்லாமல் பூட்டப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் படகை மீட்பது வீண்வேலை.

கொட்டகைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாங்கும் நாளில் ஒரு மணி நேரம் செலவழித்திருந்தால் இது நேர்ந்திருக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியவை இவை.

காலை ஏழு மணிக்குப் போங்கள். வெயில் ஏறிய பிறகு நல்ல ஃபைபரும் கொஞ்சம் இளகி ஏமாற்றும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் மேல்தளம் முழுக்க அமுக்குங்கள். லேசரில் பாய்மரம் நிற்கும் குழியைச் சுற்றியும், உட்கார்ந்து தேய்ந்த இரு ஓரங்களிலும் கவனம் வேண்டும். ஹோபியில் இரு உடல்களையும் இணைக்கும் முன் குறுக்குக் குழாயைத் தாங்கும் கால்களுக்கு முன்னால் ஒன்றிரண்டு அடி தூரம்தான் முதலில் கெடும் இடம். பிறகு ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் விரற்கடை இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று கணீரென்று பேசும். ஒட்டு விட்ட இடத்தில் ஓசை "தொப்" என்று செத்துப்போகும். அங்கங்கே சாக்பீஸால் வட்டம் போடுங்கள். உள்ளங்கையளவு வட்டம் ஒன்று இருந்தால் விலை பேசலாம். முழங்கையளவு ஓடினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது எடை. யாரும் செய்யாத, எல்லாவற்றையும் சொல்லிவிடும் சோதனை இது. மீன்பிடித் துறைமுகத்திலோ பழைய இரும்புக் கடையிலோ மேடைத் தராசு இருக்கும். பாய்மரம், சுக்கான், அடிப்பலகை, கயிறுகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு லேசரின் உடலை மட்டும் ஏற்றுங்கள். பழைய படகு 59ஐத் தாண்டி இரண்டு மூன்று கிலோ காட்டினால் கவலையில்லை. 68, 70 என்று காட்டினால், பத்து லிட்டர் தண்ணீரையோ அதே அளவு பட்டியையோ நீங்கள் விலை கொடுத்து வாங்கப் போகிறீர்கள். எடை போட விடாத ஆளிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மூன்றாவது, லேசரின் பாய்மரக் குழியில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கால் மணி நேரம் காத்திருங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடி தேய்ந்துவிட்டது. காற்றின் முழுச் சுமையும் அங்கேதான் விழுகிறது. ஒரு நாள் பாய்மரம் மேல்தளத்தையே கிழித்துக்கொண்டு சாயும்.

நான்காவது, தண்ணீர் வடிக்கும் துளையில் ரப்பர் குழாயைச் செருகி வாயால் ஊதுங்கள். உதவிக்கு வந்தவர் மேல்தளமும் உடலும் சேரும் விளிம்பு முழுக்கச் சோப்பு நீர் தடவட்டும். நுரைக்குமிழி எழும் இடத்தில் கசிவு. பஞ்சர் கடை கம்ப்ரசரைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். ஒரு பிஎஸ்ஐ அழுத்தம் என்பதே ஒரு சதுர மீட்டருக்கு 700 கிலோ. நல்ல மூட்டும் பிளந்துவிடும்.

கடைசியாக, அரை மணி நேரம் கடலில் ஓட்டிவிட்டு வந்து வடியுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தால் இயல்பு. அரை வாளி வந்தால் வேண்டாம்.

தெரிந்தே, மலிவாக, ஈரப் படகு ஒன்றை வாங்குகிறீர்கள் என்றால் முதல் வேலை உலர்த்துவது. மேல்தளத்தில் மூடி போட்ட 5 அங்குலத் துளை ஒன்று அமைத்து, உள்ளே நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு இருக்கும் வரை நம் ஊர்க் காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும், படகு காயாது. பிறகு சிறு மின்விசிறி வைத்து வாரக்கணக்கில் காற்று ஓட விடுங்கள். தராசில் எடை இறங்குவது நின்ற பிறகுதான் எபாக்சிப் பசை. ஒட்டு விட்ட இடத்தில் மேல்தோலை மட்டும் ஊடுருவும் 3 மில்லிமீட்டர் துளைகளை ஓர் அங்குல இடைவெளியில் போட்டு, ஊசி சிரிஞ்சால் மெதுவாக இறுகும் எபாக்சியைச் செலுத்துங்கள். பக்கத்துத் துளையில் அது எட்டிப்பார்த்ததும் அடுத்ததற்குப் போகலாம். முடித்ததும் பாலிதீன் விரித்து மணல் மூட்டை ஏற்றுங்கள். 25 டிகிரியில் இருபது நிமிடம் தாங்கும் கலவை 35 டிகிரியில் பத்து நிமிடத்திலேயே கட்டியாகிவிடும். 50 மில்லிக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

பாய் வெள்ளையாக இருக்கிறது என்று நம்புவது

பாயைக் கெடுப்பது அழுக்கு அல்ல, வெயில். துணியை விடத் தையல் நூல் முன்னதாகச் செத்துவிடும். தையலை நகத்தால் அழுத்திக் கீறுங்கள். நூல் தூளாக உதிர்ந்தால் பாய் முழுவதும் மறுதையல் போட வேண்டும். துணியைக் கசக்கிப் பாருங்கள். மொடமொடப்பு போய்ப் பழைய வேட்டி போலத் துவண்டால் அது காற்றைப் பிடிக்காது. போட்டிக்குப் போகாதவர் லேசருக்கு நகல் பாய் வாங்கிக்கொள்ளலாம், விலை கணிசமாகக் குறையும். ஹோபியின் இரு உடல்களுக்கும் நடுவே ஆள் உட்காரும் டிராம்போலின் வலையிலும் இதே நகச் சோதனையைச் செய்யுங்கள்.

பாய்மரத்தை வெளியே மட்டும் பார்ப்பது

லேசரின் பாய்மரம் இரண்டு துண்டு. இரண்டையும் உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். "கொஞ்சம் இறுகிடுச்சு, தட்டினா வரும்" என்றால் உள்ளே அரிப்பு பிடித்துவிட்டது என்று பொருள். எவர்சில்வர் பாகம் அலுமினியத்தில் நேராக உட்காரும் இடமெல்லாம் உப்பு நீரில் அலுமினியம் கரையும். ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரியும். மேல் துண்டு ஒடிவது பெரும்பாலும் அந்த ரிவெட் துளையில்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாயின் நீளத்தை நோக்குங்கள், வளைவு தெரிந்துவிடும்.

ஹோபியில் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைத் துணியால் உருவிப் பாருங்கள், வெறும் கையால் வேண்டாம். ஒரே ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தக் கம்பி முடிந்தது.

இன்னொன்று, இது உயிர் விஷயம். ஹோபியின் பாய்மரம் 8 மீட்டர் உயர அலுமினியம். குப்பங்களில் மின்கம்பி தாழ்வாகப் போகிறது. பாய்மரத்தை நிறுத்தும் முன்பும், நிறுத்திய படகைத் தள்ளிக்கொண்டு போகும் வழி முழுக்கவும் தலைக்கு மேலே பாருங்கள். கம்பியில் பட்டு ஆட்கள் இறந்த பிறகுதான் அதன் உச்சிப் பகுதியை மின்சாரம் கடத்தாத ஃபைபரில் செய்யத் தொடங்கினார்கள். பழைய படகில் அந்த உச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தாலும் கீழே உள்ளது அலுமினியம்தான்.

ஹோபியின் அடியைப் புரட்டிப் பார்க்காதது

மணலில் இழுத்து இழுத்து அடிவிளிம்பு தேயும். ஃபைபர் நூல் வெளியே தெரிந்தால் விலையைக் குறையுங்கள். அடிவிளிம்பில் மட்டும் நாடா அகலத்துக்கு மேட் போடுவது சரியான பழுதுதான்.

புயலன்று படகு எங்கே இருந்தது என்று கேட்காதது

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தப் படகு கொட்டகையில் இருந்ததா, மணலில் உருண்டதா? விற்பவர் யோசிக்கும் நேரமே பாதி பதில். உருண்ட படகில் குறுக்குக் குழாய் மூட்டுகளையும் சுக்கான் கொண்டிகளையும் இரண்டு முறை பாருங்கள்.

ரசீது

இல்லாத படகை வாங்காதீர்கள்.

சின்ன யானையில் ஏற்றுவது

லேசர் 4.23 மீட்டர். அதற்கு 14 அடி லாரி வேண்டும், அதுவே மட்டுமட்டு. ஹோபியின் அகலம் 2.41 மீட்டர், குறுக்குக் குழாய்களைக் கழற்றாமல் ஏறாது. ஈசிஆர் வேகத்தடைகளில் கயிறு இறுக்கிய இடம்தான் நசுங்கும். கயிற்றுக்கு அடியில் பழைய மெத்தைத் துண்டு வையுங்கள்.

கரையில் பிளக்கை மாட்டி வைப்பது

பிளக் என்பது தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பான். வாங்கியது நல்ல படகாகவே இருந்தாலும் ஒரே கோடையில் அதை ஈரப் படகாக்கிவிட இது போதும். உள்ளே அடைபட்ட காற்று 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது எட்டில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். விரிய இடமில்லாவிட்டால் அந்த அழுத்தம் சதுர மீட்டருக்கு ஒரு டன்னைத் தாண்டும், மூட்டுகளில் வெடிப்பு விடும். மாலையில் மழை பெய்து படகு குளிர்ந்ததும் உள்ளே உறிஞ்சும் வேகம் உண்டாகி, அதே வெடிப்பு வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். படகு கரை ஏறியதும் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றியதைச் சுக்கான் பிடியில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள். மறுநாள் சுக்கானை மாட்டக் கையில் எடுக்கும்போது பிளக்கும் கூடவே வரும்.